இருபத்தொன்பது நிமிஷம்

பூட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் செய்தவர். எவ்வளவு பெரிய பூட்டாக இருந்தாலும் ரெண்டு கம்பியும் அரை நிமிஷமும் போதும் என்று தெரிந்தவர் எப்படி அடுத்தவனை நம்புவார்? கடையை மூடி ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் செய்துவந்த வேலை, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களைச் சந்தேகப்படுவது. அதை ஒழுங்காகச் செய்தார். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து அவர் முன்னால் நின்றாள். கழுத்தில் தாலிக்கயிறு கனத்துக்கு ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கடிகாரம். கையில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதம் முழுக்கக் கட்டம்.

"ஐயா, தண்ணீர்த் தூர அளவீட்டு ஆணையத்துலருந்து வர்றேன். உங்க தெருவுல நூத்துப் பன்னெண்டு வீடு. அதுல உங்க வீட்டுக்குச் சீட்டு விழுந்திருக்கு."

"நான் எந்தச் சீட்டும் கட்டலையே."

"குலுக்கல் சீட்டுங்கய்யா. மாதிரி வீடு. உங்க வீட்ட அளந்தா தெரு மொத்தத்தையும் அளந்த மாதிரி."

பூட்டுக்காரர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். ஓர் அறை, ஒரு சமையலறை, காரை உதிர்ந்த சுவர். யாருக்கும் மாதிரியாக இருக்கும் யோக்கியதை அந்த வீட்டுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"எதுக்கு அளக்கறீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுங்கய்யா. சொன்னா அளவு கெட்டுப்போயிடும்னு விதி."

எதற்கு என்று சொல்லாமல் அளக்கிறவன் ஒன்று வரி போட வருவான், இல்லை வீட்டை இடிக்க வருவான். இது பூட்டுக்காரரின் அனுபவம். அவர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வீட்டுல தண்ணி எடுத்துட்டு வர்றது யாருங்கய்யா?"

உண்மையான பதில் அப்போது வீட்டில் இல்லை. மூன்றாவது குடத்துக்குப் போயிருந்தது. அவர் மனைவிக்கு அறுபத்து மூன்று வயது. இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறவள். கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து நாற்பத்தொரு வருஷமாகத் தினம் ஆறு குடம். பூட்டுக்காரர் குடத்தைக் கையால் தொட்டது ஒரே தடவை. அதுவும் நெளிந்த விளிம்பைச் சுத்தியலால் தட்டிக் கொடுக்க.

ஆனால் ஒரு வயசுப் பெண் எதிரில் நிற்கும்போது, தான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்துகொண்டு, "இடுப்பு போன என் பொண்டாட்டி எடுத்துட்டு வர்றா" என்று எப்படிச் சொல்வது?

"நான்தான்" என்றார். சொன்னது வாய்தான். கேட்டுக்கொண்டிருந்த அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்ப நல்லதுங்கய்யா. குடத்தை எடுத்துக்கிட்டு வாங்க. எப்பவும் போற மாதிரியே போங்க. நான் பின்னால வர்றேன்."

கடிகாரம் 'டிக்' என்றது.

எப்பவும் போகிற மாதிரி என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. மெதுவாகப் போனால், 'தண்ணீர்கூட எடுக்க முடியாத கிழம்' என்று எழுதிக்கொண்டு போய் முதியோர் இல்லத்திலிருந்து வண்டியை அனுப்பிவிடுவார்கள். கழுத்தில் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எதையும் செய்வார்கள். பூட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். நடை சிமெண்ட் குடோனைத் தாண்டும்போது ஓட்டமாகிவிட்டது.

பொதுக் குழாய் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், மார்க்கெட் மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. மற்ற நாளில் கேட் மூடியிருக்கும், அதற்குப் பத்து நிமிஷம். குழாயில் வரிசை, அதற்கு இருபது நிமிஷம். அன்றைக்கென்று கேட் திறந்து கிடந்தது. கேட்டைத் தாண்டும் இடத்தில் எதிரே அவர் மனைவி வந்தாள். இடுப்பில் நிறைகுடம்.

"ஐயையோ, என்னங்க ஆச்சு?" என்று பதறினாள். கணவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தால் வீடு தீப்பிடித்துவிட்டது என்றுதான் அவள் நினைக்க முடியும்.

பூட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்.

"தெரிஞ்சவங்களாங்கய்யா?" என்றாள் கடிகாரக்காரி, மூச்சிரைக்க.

"எங்க தெருப் பக்கம் பாத்த மாதிரி இருக்கு."

குழாயடியில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். நீலச் சட்டையையும் கடிகாரத்தையும் பார்த்ததும், யாரோ பெரிய அதிகாரியின் அப்பா தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து விலகி வழிவிட்டார்கள். வரிசையை அளக்க வந்தவளைப் பார்த்து வரிசையே காணாமல் போய்விட்டது. அவள் அதையும் உண்மையாகவே எழுதிக்கொண்டாள்: 'வரிசை: இல்லை.'

வீட்டு வாசலில் குடத்தை இறக்கியபோது கடிகாரம் இருபத்தொன்பது நிமிஷம் காட்டியது. பாதித் தண்ணீர் வழியில் சிந்திவிட்டது. கட்டத்தில் நேரத்துக்கு இடம் இருந்தது. தண்ணீருக்கு இடம் இல்லை. எனவே அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மனைவி வந்ததும் அவர் நடந்ததைச் சொன்னார். நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "இருபத்தொம்போது நிமிஷம்! இந்த வயசுல எவனால முடியும், சொல்லு?"

அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாதிக் குடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பதினைந்து நாள் கழித்து தெருமுனையில் ஒரு பலகை முளைத்தது. 'இது தண்ணீர் வசதி பெற்ற தெரு.' கூடவே ஒரு கடிதம். அதைப் பக்கத்து வீட்டு டெய்லரம்மா நடுத்தெருவில் நின்று சத்தமாகப் படித்தாள். போய்வர முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆனால் தண்ணீர் 'தொலைவில்' இருக்கிறது, அந்தத் தெருவுக்குக் குழாய் உண்டு. முப்பதுக்குள் என்றால் தண்ணீர் 'அருகில்' இருக்கிறது. 'மாதிரி வீட்டின் நேரம் இருபத்தொன்பது நிமிடம் என்பதால் தங்கள் தெருவின் குழாய் விண்ணப்பம் மகிழ்ச்சியுடன் தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அந்த விண்ணப்பத்துக்காக டெய்லரம்மா பதினோரு தடவை ஆணையத்துக்கு நடந்தவள். கடிதத்தை மடித்தாள். நேராகப் பூட்டுக்காரரின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்ணா, நாப்பது வருஷமா உங்க கடைக்கே நீங்க மெதுவாத்தானே போனீங்க? அன்னிக்கு ஒரு நாள் மெதுவா நடக்க என்ன கேடு?"

"எனக்கு என்னம்மா தெரியும், எதுக்குன்னு அவங்க சொல்லல..."

"ரெண்டே ரெண்டு நிமிஷம்! முப்பத்தொண்ணு வந்திருந்தா தெருவுக்கே குழாய். வழியில ஒரு எடத்துல நின்னு மூக்கச் சிந்தியிருந்தாக்கூட போதுமே! பொண்டாட்டியப் பாத்தீங்களே, நின்னு 'என்னடி'ன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அதுலயே ஒரு நிமிஷம் போயிருக்கும்!"

பூட்டுக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நம்பக் கூடாத ஓர் ஆள் அடையாளம் தெரிந்தான். அவன் அவருடைய வேட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆணையத்துக்குப் போனார். காத்திருக்கும் அறையில் பளபளவென்று ஒரு குழாய் இருந்தது. 'காட்சிக்கு மட்டும்' என்று அதன் மேல் எழுதியிருந்தது. ரெண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திருத்தப் பிரிவு அதிகாரி கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு உண்மையச் சொல்ல வந்திருக்கேன்."

"உண்மைன்னா அது புகார்ப் பிரிவு, மேல் மாடி. இங்க திருத்தம் மட்டும்."

"திருத்தம்தாங்க. தண்ணி எடுக்கறது நான் இல்ல. என் வீட்டுக்காரி."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "எடுப்பவர்னு உங்களைத்தான் போட்டிருக்கு. எடுப்பவரை மாத்த மூணே காரணம்தான் உண்டு. இறப்பு, இடமாற்றம், நிரந்தர இயலாமை. நீங்க எது?"

பூட்டுக்காரர் யோசித்தார். மூன்றில் மூன்றாவதுதான் கொஞ்சம் சௌகரியமாகத் தெரிந்தது.

"நான் பொய் சொல்லிட்டேன்னு எழுதிக்கிட்டா ஆகாதுங்களா?"

"தாராளமா எழுதலாம். தவறான தகவல் கொடுத்த தெருன்னு அஞ்சு வருஷத்துக்குக் கறுப்புப் பட்டியல். எழுதவா?"

"வேணாங்க, வேணாங்க."

"அப்ப இயலாமைக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்குங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் டாக்டர் பாப்பாரு. அதுவரைக்கும் பதிவுல இருக்கறவர்தான் தண்ணி எடுக்கணும். சோதனைக்கு ஆள் வரும். எப்ப வரும்னு சொல்ல மாட்டோம். வேற யாராவது எடுக்கறதப் பாத்தாங்கன்னா..."

"கறுப்புப் பட்டியல்."

"டக்குனு புரிஞ்சுக்கறீங்களே. நடை மாதிரியே மூளையும் வேகம்தான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. உள்ளே போய்க் குடத்தைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறு குடம். மொதக் குடம் அஞ்சு மணிக்கு. கேட் மூடியிருந்தா குனிஞ்சு நுழையாதீங்க, ரயில் வரும்."

ஆண்கள் இடுப்பில் குடம் நிற்காது என்பதை மறுநாள் பூட்டுக்காரர் கண்டுபிடித்தார். தோளில் வைத்தார், வழுக்கியது. தலையில் வைத்தார், கழுத்து உள்ளே போனது. இரண்டு கையாலும் மாரோடு அணைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வருகிறவனைப்போல வந்தார். குழாயடிப் பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் இடம் விடாமல் இடித்தார்கள். மூன்றாம் வாரம், "பெரியவரே, உங்க முறை" என்றார்கள். அந்த வரிசையில் அவர் பெற்ற முதல் மரியாதை அது.

ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது. ஒரு நாள் கேட் மூடியிருந்தபோது கை ஓய்ந்துபோய்க் குடத்தை அதன் மேல் வைத்தார். சாவி பூட்டுக்குள் உட்காருகிற மாதிரி குடம் உட்கார்ந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தார். கல்லின் மேல் வட்டமாக ஒரு பள்ளம், வழவழவென்று தேய்ந்திருந்தது. யாரும் செதுக்கியதில்லை. ரயில் கேட் திறக்கும்வரை பூட்டுக்காரர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தொரு வருஷம், தினம் ஆறு குடம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

சோதனைக்கு ஆள் ரெண்டு தடவை வந்தது. ரெண்டு தடவையும் பதிவில் உள்ளவரே எடுத்தார். நாற்காலி காலியாகக் கிடப்பானேன் என்று மனைவி அதில் உட்கார ஆரம்பித்தாள். போகிற வருகிறவர்களை அவள் சந்தேகப்படவில்லை, கூப்பிட்டுப் பேசினாள். ஒரு மாசத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிந்தது. இதைப் பார்த்து பூட்டுக்காரருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் கவலை. அவளுக்கு நல்லாகிறது சரி, தெருவுக்கு இன்னும் நூற்றுப் பதினோரு இடுப்பு இருக்கிறதே!

ரெண்டு மாசம் முடிந்ததும் ஆணைய டாக்டரிடம் போனார். வாசலிலேயே நொண்ட ஆரம்பித்தார்.

"எந்தக் காலு?" என்றார் டாக்டர்.

"ரெண்டுங்க."

"ரெண்டு காலையும் நொண்டினா அதுக்குப் பேரு நடை, பெரியவரே. உக்காருங்க." ரத்தக்கொதிப்பு பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். போன வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்டுக்காரர் முடிந்தவரைக்கும் இருமினார்.

"ஆச்சரியமா இருக்கே! கொதிப்பு எறங்கிடுச்சு, சர்க்கரை எறங்கிடுச்சு, தொப்பையக் காணோம். என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"தண்ணி தூக்கறேங்க" என்றார் பூட்டுக்காரர் அழாக்குறையாக.

இயலாமைச் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக டாக்டர் ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். அறிக்கை படிப்படியாக ஏறி ஆணையத் தலைவரின் மேஜைக்குப் போனது. படித்த தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். அடுத்த வாரம் தெருவில் விழா என்று தகவல் வந்தது.

விழாவுக்காகத் தெருவைக் கழுவ ஒரு லாரித் தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். இது கழுவுகிற தண்ணீர், குடிக்கிற கணக்கில் வராது என்று தடுத்துவிட்டார்கள். தெரு கழுவப்பட்டது. மேடைக்குப் பின்னால் பூட்டுக்காரரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மாரோடு அணைத்த குடம், கீழே 'நடந்தேன், நலமடைந்தேன்'.

"அம்மாடி, படத்துல பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்றாள் டெய்லரம்மா. "குடத்துக்கும் மாலை போடுவாங்களா?"

தலைவர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் தண்ணீருக்காக நடக்கிறார்கள். இதை அவலம் என்கிறார்கள். நான் கேட்கிறேன், நடப்பது அவலமா? நானும் தினமும் நடக்கிறேன். டாக்டர் சொல்லி நடக்கிறேன். வீட்டுக்குள்ளேயே ஒரு மெஷின் வாங்கி வைத்து நடக்கிறேன். நடந்து முடித்தால் என் கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை! இந்தப் பெரியவர் நடந்து முடித்தால் கையில் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், யார் வசதியானவர்?"

முன் வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"இத்தனை காலம் தூரத்தைக் குறை என்று நினைத்தோம். தூரம் குறை அல்ல, வளம்! அதை அள்ள அள்ளக் குறையாது. நான் பொறுப்பேற்றபோது தண்ணீர் இல்லாத தெருக்கள் எண்ணூறு. இன்று நூற்று நாற்பது. ஓர் அடி குழாய்கூடப் போடாமல், வெறும் அளவையாலேயே இதைச் சாதித்திருக்கிறோம். இப்போது நமது நாயகர் இரண்டு வார்த்தை பேசுவார்."

நாயகர் எழுந்தார். கீழே மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார். ரயில் கேட்டில் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கும் திருப்பிக்கொண்டால் குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் நாயகருமில்ல, ஒண்ணுமில்லைங்க" என்றார். "அந்தப் பொண்ணு கடிகாரத்தோட வந்த அன்னிக்குத்தான் மொத மொதல்ல குடத்தத் தூக்கினேன். அதுக்கு முன்னாடி நாப்பத்தொரு வருஷம் இவதான் தூக்கினா. நான் உக்காந்துதான் இருந்தேன். வெக்கப்பட்டுக்கிட்டு பொய் சொன்னேன். எளவட்டம்னு நெனச்சுக்கிட்டு ஓடினேன். வழியில இவ வந்தா, தெரியாத ஆளுன்னு சொன்னேன். அந்த இருபத்தொம்போது நிமிஷம் தண்ணி எடுக்கற நேரமில்லைங்க. ஒரு கெழவன் வீம்பு பண்ணின நேரம். அதை வச்சு இந்தத் தெருவுக்குக் குழாய் இல்லேன்னுட்டீங்க. தயவுசெஞ்சு அவள அளந்து பாருங்க."

  திருத்தப் பிரிவு அதிகாரி தலைவரின் காதில், "கறுப்புப் பட்டியல், சார்" என்றார். தலைவர் அண்ணாந்து படத்தைப் பார்த்தார். நாலாயிரம் அச்சடித்தாகிவிட்டது.

"பார்த்தீர்களா, இதுதான் நேர்மை!" என்றார் தலைவர். "அப்படியென்றால் இந்த வீட்டில் எடுப்பவர்கள் இரண்டு பேர். அம்மா, உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி அஞ்சு நிமிஷம்" என்றாள் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"அறுபத்தைந்து. இருபத்தொன்பதைச் சேர்த்தால் தொண்ணூற்று நான்கு. இரண்டு பேர், ஆகவே ஆளுக்கு நாற்பத்தேழு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போனால் வருவது இரண்டு குடம், ஆகவே குடத்துக்கு இருபத்து மூன்றரை!" தலைவரின் முகம் மலர்ந்தது. "உண்மையைச் சொல்லச் சொல்லத் தண்ணீர் எப்படிப் பக்கத்தில் வருகிறது பார்த்தீர்களா! அம்மா, வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

பூட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. இன்னும் ரெண்டு உண்மை சொன்னால் தண்ணீர் சமையலறைக்கே வந்துவிடும், காகிதத்தில்.

மனைவி மேடை ஏறினாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"போடறேங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு குடம் கொண்டாந்து காட்டுங்க. நடந்தா நல்லதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"ஆமா, சொன்னாரு!" என்றது தெரு.

தலைவர் தன் காலணியைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். கடைசியில் டிரைவரைப் பார்த்தார்.

"தலைவர் எடுப்பது என்றால் தலைவரின் வாகனமும் சேர்ந்ததுதானே?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். குடம் பின் சீட்டில் ஏறியது. கொடி பறக்க ஜீப் போனது. குழாயடியில் ஹாரன் அடித்ததும் வரிசை சிதறியது. தலைவர் இறங்கக்கூட இல்லை. திரும்பி வந்து மேடைக்கு முன்னால் டிரைவர் குடத்தை இறக்கி வைத்தபோது கடிகாரக்காரி நேரத்தைப் படித்தாள். ஒன்பது நிமிஷம்.

"சார்" என்றாள் அவள் தயங்கி. "இத பதிஞ்சா இனிமே இந்தத் தெருவோட நேரம் ஒம்போதுதான்."

"பதியும்மா! இருபத்து மூன்றரை எங்கே, ஒன்பது எங்கே!"

முறை என்ற கட்டத்தில் 'வாகனம்' என்று அவள் எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மனைவி கையெழுத்துப் போட்டாள். பூட்டுக்காரருக்கு எரிச்சலாக வந்தது. "என்னடி, போட்டுட்ட?" என்றார். "இருங்க" என்றாள் அவள்.

நாலு நாள் கழித்துக் கடிகாரக்காரி வந்தாள். நீலச் சட்டை இல்லை, கழுத்தில் கடிகாரமும் இல்லை. நாற்காலியில் இருந்த மனைவியின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லக் கூடாதும்மா. ஆனா சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. ஒம்போது நிமிஷத்தப் பாத்துட்டு மேலிடத்துலருந்து தலைவருக்குப் பாராட்டு வந்திருக்கு. ஆனா ஒரு விதி இருக்கு. பதிஞ்ச நேரம் கொறையலாம், கூடக் கூடாது. கூடினா தலைவரோட பதவி உயர்வு நின்னுடும். மேலிடத்துலருந்து சோதனைக்கு வருவாங்க. எப்ப வருவாங்கன்னு..."

"சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் சிரித்து பூட்டுக்காரர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருவில் தலைவரின் ஜீப் வந்து நின்றது.

"உங்க வீட்டுக் குடத்தக் குடுங்க" என்றார் டிரைவர், தூக்கக் கலக்கத்தோடு.

"அவங்க வீட்டுக் குடமா?" டெய்லரம்மா ரெண்டு கையிலும் ரெண்டு குடத்தோடு வந்து நின்றாள். "இது மாதிரி வீடு. இத அளந்தா தெரு மொத்தத்தையும் அளந்த மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? நூத்துப் பன்னெண்டு வீட்டுக்கும் ஒம்போது நிமிஷம்தான். எறங்கி வாங்க தம்பி, கை குடுங்க."

ஜீப் ஒரு நடைக்குப் பன்னிரண்டு குடம் தாங்கியது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓடியது. பதிவேட்டில் உள்ள எடுப்பவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பூட்டுக்காரர் முன் சீட்டில் மடியில் ஒரு குடத்தோடு உட்கார்ந்து போனார். கொடியைப் பார்த்து ரயில் கேட்காரர் சல்யூட் அடித்தார். முதல் நாள் பூட்டுக்காரர் வெட்கப்பட்டார். இரண்டாம் நாள் பதிலுக்குச் சல்யூட் அடித்தார். மூன்றாம் நாள் கேட்காரர் வேறு பக்கம் பார்த்தபோது இவருக்குக் கோபம் வந்தது. சில ஆட்களுக்கு எத்தனை குடம் தூக்கினாலும் புத்தி வராது.

மூன்று வாரம் போனது. ஒரு மத்தியானம் தலைவர் தெருவுக்குள் நடந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ்ஸில் வந்தாராம்.

"பெரியவரே, ஒரு உதவி" என்றார். ஒலிபெருக்கி இல்லாதபோது அவரும் எல்லாரையும்போலத்தான் பேசினார். "குழாய் வேணும்னு ஒரு விண்ணப்பம் குடுங்க. நானே எழுதிட்டு வந்திருக்கேன். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

பூட்டுக்காரர் சந்தேகப்பட்டார். "எங்களுக்குத்தான் தண்ணி அருகில இருக்குதே?"

"அருகில இருக்கறதாலதான் குடுக்க முடியும்! வாசல்ல குழாய் வந்தா நேரம் ஒரு நிமிஷம். ஒம்போது ஒண்ணாகும். கொறையலாம், கூடத்தான் கூடாது."

"அத அப்பவே போட்டிருக்கலாமே?" என்றாள் மனைவி, நாற்காலியை விட்டு எழாமல்.

"அப்ப உங்களுக்குத் தேவை இருந்துச்சேம்மா" என்றார் தலைவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "தேவை இருக்கற எடத்துல குழாய் போட்டா அதுக்குப் பேரு செலவு. தேவை இல்லாத எடத்துல போட்டாத்தான் சாதனை."

மனைவி காகிதத்தை வாங்கினாள். இந்தத் தடவையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எத்தனை நாளில் என்ற இடத்தில் 'விரைவில்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'பதினைந்து நாள்' என்று எழுதச் சொன்னாள். தலைவர் எழுதினார். அதுவரை ஜீப் வரும் என்றும் எழுதச் சொன்னாள். ஒரு பெருமூச்சோடு அதையும் எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு வீடு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லி, டெய்லரம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தலைவர் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பூட்டுக்காரர் அவரை வழியனுப்ப எழுந்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றாள் மனைவி. "பொதுக் கக்கூஸ் பின் தெருக் கடைசியில இருக்கு. எட்டுக் கதவு, அஞ்சுக்குத் தாழ்ப்பா இல்ல." இதைச் சொல்லும்போது தன் வீட்டுப் பூட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "காலையில போனா வரிசையில நின்னுட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகுது. அதுக்கு எத்தன நிமிஷம் வச்சிருக்கீங்க?"

"அது... அது வேற ஆணையம்மா" என்றார் தலைவர், வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி.

"அப்படிங்களா" என்றாள் அவள். "அவங்ககிட்டயும் ஜீப் இருக்கும்ல?"